கிறிஸ்தவ விசுவாசமும் மனநல ஆலோசனையும்: புதிதாகத் தொழிலுக்கு வரும் ஆலோசகருக்கு ஒரு வழிகாட்டி

மனநல ஆலோசனையில் பயிற்சி முடித்து, ஆலோசனை நாடி வருபவர்களை முதன்முதலாகச் சந்திக்கத் தொடங்கும் கிறிஸ்தவர் ஒருவருக்கு இரண்டு பக்கங்களிலிருந்தும் அறிவுரைகள் வந்து சேரும். சபையில் உள்ளவர்கள், "வேதவசனத்தைச் சொல்லாமல் அது என்ன ஆலோசனை?" என்று கேட்பார்கள். பயிற்சியளித்தவர்களில் சிலரோ, மதத்தைக் கதவுக்கு வெளியே விட்டுவிட்டு வரும்படி சொல்வார்கள். இரண்டையும் அப்படியே பின்பற்றினால் பாதிக்கப்படுபவர், உதவி தேடி வந்தவர்தான். முதல் வழியில் அவருடைய நோய் கவனிக்கப்படாமல் போகிறது. இரண்டாவது வழியில், அவர் உயிரோடு இருப்பதற்கே காரணமாக இருக்கக்கூடிய நம்பிக்கையைப் பற்றி அவர் வாய் திறக்க முடியாமல் போகிறது.

இந்தக் கட்டுரை ஒரு நிலைப்பாட்டிலிருந்து எழுதப்படுகிறது. விசுவாசத்தை அமர்வுக்குள் கொண்டுவரும் உரிமை, ஆலோசனை பெற வந்தவருக்கே முதலில் உண்டு. அதைக் கவனமாகக் கேட்டறிந்து, அதில் அவரைத் தாங்குவது எது, அவரை நசுக்குவது எது என்று அவரோடு சேர்ந்து பிரித்தறிவதே ஆலோசகரின் பொறுப்பு. கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த ஒன்றை நடைமுறைப்படுத்துவதற்கானவை.

முதல் படி: நீங்கள் எந்தப் பொறுப்பில் அமர்ந்திருக்கிறீர்கள் என்பதைத் தெளிவாக்குங்கள்

உளவியலும் விசுவாசமும் எப்படி உறவாட வேண்டும் என்பதில் கிறிஸ்தவர்களிடையே ஒரே கருத்து இல்லை. 1925-இல் ஆன்டன் பாய்சன், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் அரசு மனநல மருத்துவமனைக்குள் இறையியல் மாணவர்களை அழைத்துச் சென்று, நோயாளிகளின் அருகிலிருந்து கற்கும் பயிற்சியைத் தொடங்கினார். அவரே கடுமையான மனநோய்க்காக மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர். அதற்கு நேரெதிராக, 1970-இல் ஜே ஆடம்ஸ், வேதாகமத்தைக் கொண்டு கண்டித்துப் புத்திசொல்வதே போதும் என்று வாதிட்டு, மதச்சார்பற்ற உளவியலைப் பெரும்பாலும் ஒதுக்கினார். இவ்விரண்டுக்கும் இடையில் பல நிலைகள் உள்ளன. நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதை முதல் நபரைச் சந்திக்கும் முன்பே ஒரு பக்கத்தில் எழுதி, உங்கள் மேற்பார்வையாளரிடம் காட்டுங்கள்.

போதகருடைய பணியும் ஆலோசகருடைய பணியும் ஒன்றல்ல. போதகர் உபதேசிக்கலாம், கடிந்துகொள்ளலாம், திருவிருந்து பரிமாறலாம், ஒரு குடும்பத்தோடு தலைமுறை தலைமுறையாக உறவு வைத்திருக்கலாம். ஆலோசகர் மதிப்பீடு செய்கிறார், சிகிச்சைத் திட்டம் வகுக்கிறார், குறித்த நேரத்தில் தொடங்கிக் குறித்த நேரத்தில் முடிக்கிறார், ஒருநாள் அந்த உறவை முறையாக நிறைவு செய்கிறார். நீங்கள் இரண்டு தகுதிகளும் உடையவராக இருந்தாலும், ஒரே நபருக்கு இரண்டுமாக இருக்காதீர்கள். உங்கள் சொந்தச் சபையைச் சேர்ந்தவர்களை ஆலோசனைக்கு ஏற்பதையும் இயன்ற வரை தவிர்த்துவிடுங்கள். செவ்வாய்க்கிழமை தன் திருமணத்தின் அவலத்தை உங்களிடம் சொல்லி அழுதவர், ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு முன்வரிசையில் தன் கணவரோடு அமர்ந்து பாட வேண்டியிருக்கும். அந்தச் சங்கடம் அவரை ஆலோசனையிலிருந்தோ ஆராதனையிலிருந்தோ துரத்திவிடும்.

இரண்டாம் படி: ஒப்புதல் படிவத்தில் விசுவாசத்தைப் பற்றி எழுதுங்கள்

"கிறிஸ்தவ ஆலோசகர்" என்ற அடைமொழியைப் பார்த்து வருபவர், நீங்கள் அவருக்காக உரக்க ஜெபிப்பீர்கள் என்று எதிர்பார்க்கலாம். அல்லது தன்னைக் கண்டிப்பீர்களோ என்று அஞ்சலாம். இந்த ஊகங்களுக்கு இடம் வைக்காமல் படிவத்தில் ஒரு பத்தி சேர்க்க வேண்டும். அதன் சாரம் இப்படி இருக்கலாம்:

"நான் கிறிஸ்தவ விசுவாசி. என் பயிற்சி மனநல ஆலோசனையில். இங்கே அளிக்கப்படுவதும் அதுவே. உங்கள் விசுவாசத்தைப் பற்றிப் பேச நீங்கள் விரும்பினால் அதற்கு இங்கே இடம் உண்டு. விரும்பாவிட்டால் நானாக அதைக் கொண்டுவர மாட்டேன். ஜெபமோ வேதவசனமோ உங்கள் சம்மதத்தோடு மட்டுமே அமர்வில் இடம்பெறும். அந்தச் சம்மதத்தை எப்போது வேண்டுமானாலும் நீங்கள் திரும்பப் பெறலாம். அதனால் உங்களுக்குக் கிடைக்கும் உதவி குறையாது."

இரகசியத்தின் எல்லைகளையும் இங்கேயே சொல்லிவிடுங்கள். குருவானவரிடம் செய்யும் பாவ அறிக்கையைப் போல ஆலோசகரிடம் சொல்வதும் முற்றிலும் முத்திரையிடப்பட்டது என்று சிலர் எண்ணிக்கொண்டு வருகிறார்கள். உயிருக்கு ஆபத்து, குழந்தைகள் மீதான வன்கொடுமை ஆகியவற்றில் நீங்கள் பணிபுரியும் இடத்தின் சட்டம் உங்களைப் பேசக் கடமைப்படுத்தக்கூடும். அதை அவர் எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகு தெரிவிப்பது நம்பிக்கைத் துரோகமாகவே அவருக்குப் படும்.

மூன்றாம் படி: விசுவாசத்தைப் பற்றிக் கேட்கக் கற்றுக்கொள்ளுங்கள்

"நீங்கள் கிறிஸ்தவரா?" என்ற கேள்வியால் கிடைப்பது ஒரு பெயர்ப்பட்டை மட்டுமே. 1996-இல் மருத்துவர் கிறிஸ்டினா புச்சால்ஸ்கி உருவாக்கிய ஃபிகா என்ற எளிய கேள்வி முறை தொடக்கநிலையினருக்கு ஏற்றது. அது நான்கு திசைகளில் கேட்கிறது: உங்கள் வாழ்க்கைக்குப் பொருள் தருவது எது; உங்கள் நலனைக் கவனிப்பதில் அதற்கு எவ்வளவு முக்கியத்துவம்; உங்களைத் தாங்கும் சமூகம் எது; இவற்றை நான் எப்படிக் கருத்தில் கொள்ள வேண்டும். இந்தக் கேள்விகளை யாரிடமும் கேட்கலாம். பதிலில் தேவன் இல்லாவிட்டாலும் பாதகமில்லை.

விசுவாசி என்று தெரிந்த பிறகு இன்னும் நெருக்கமாகக் கேளுங்கள். இந்த நோயைப் பற்றி உங்கள் சபையில் என்ன சொல்கிறார்கள்? நீங்கள் தனியாக இருக்கும்போது தேவன் உங்களை எப்படிப் பார்ப்பதாக உணர்கிறீர்கள்? யாராவது மாத்திரையை நிறுத்தச் சொன்னார்களா? உபவாசம் இருக்கிறீர்களா? இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. ஆனால் இருமுனைக் கோளாறுக்கு (மிகையான மனவெழுச்சியும் ஆழ்ந்த மனச்சோர்வும் மாறி மாறி வரும் நோய்க்கு) லித்தியம் என்ற மருந்தை எடுத்துக்கொள்பவர் தண்ணீர்கூட அருந்தாமல் உபவாசம் இருந்தால், உடலில் நீர் குறைந்து, மருந்தின் அளவு இரத்தத்தில் ஆபத்தான நிலைக்கு உயரக்கூடும். அதே நோய் உள்ளவர் அடுத்தடுத்து முழு இரவு ஜெபங்களில் கலந்துகொண்டு தூக்கத்தை இழந்தால், அதுவே மனவெழுச்சி நிலையைத் தூண்டிவிடலாம். உபவாசிக்க வேண்டாம், ஜெபிக்க வேண்டாம் என்று சொல்வது நம் வேலை அல்ல. மருத்துவரிடம் கேட்டு, உணவு அல்லாத வேறொன்றை விட்டுக்கொடுக்கும் உபவாசத்தையோ பகல் நேர ஜெபத்தையோ தேர்ந்தெடுக்க அவருக்கு உதவலாம்.

ஒருவருடைய விசுவாசம் அவரைத் தாங்குகிறதா, வாட்டுகிறதா என்று பார்ப்பதற்கு உளவியலாளர் கென்னத் பார்கமென்டின் ஆய்வுகள் கைகொடுக்கின்றன. துன்பத்தில் தேவனோடு சேர்ந்து நடப்பதாக உணர்பவரும், "தேவன் என்னைத் தண்டிக்கிறார்", "என்னைக் கைவிட்டுவிட்டார்" என்று உணர்பவரும் ஒரே சபையில், ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருக்கலாம். 55 வயதும் அதற்கு மேலும் ஆன மருத்துவமனை நோயாளிகளை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, அவரும் அவருடைய குழுவினரும் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், இப்படிப்பட்ட ஆன்மிகப் போராட்டம் உள்ளவர்களிடையே இறப்பு அபாயம் கூடுதலாகக் காணப்பட்டது. எனவே "ஆலயத்துக்குத் தவறாமல் போகிறார்" என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு நிம்மதி அடைந்துவிடாதீர்கள்.

நான்காம் படி: முதலில் ஆபத்தையும் நோயையும் மதிப்பிடுங்கள்

வேதாகமத்தில் எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, சாக வேண்டும் என்று கோரியபோது, தேவதூதன் அவனுக்குப் பிரசங்கம் செய்யவில்லை. தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் கொடுத்து, மறுபடியும் தூங்கவிட்டு, இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். "உனக்கு இங்கே என்ன காரியம்?" என்ற கேள்வி வந்தது பல நாட்களுக்குப் பிறகு, ஓரேப் மலையில். 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தின் இந்த வரிசை, மனச்சோர்வோடு வருபவரிடம் நாம் முதலில் எதைக் கேட்க வேண்டும் என்பதைக் காட்டுகிறது: தூக்கம், உணவு, உடல்நிலை, உயிராசை. தைராய்டு குறைபாடுகூட மனச்சோர்வைப் போலத் தோன்றக்கூடும் என்பதால் மருத்துவப் பரிசோதனையையும் விட்டுவிடாதீர்கள்.

தற்கொலை எண்ணத்தை நேரடியாகக் கேளுங்கள். அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. தற்கொலையைப் பாவம் என்று கற்றவர்கள் அந்த வார்த்தையையே உச்சரிக்க மாட்டார்கள். "கர்த்தர் சீக்கிரம் என்னை எடுத்துக்கொண்டால் நல்லது", "பரலோகத்துக்குப் போய்விட்டால் போதும்" என்பார்கள். இது விசுவாசியின் இயல்பான ஏக்கமாக இருக்கலாம். உதவிக்கான கூக்குரலாகவும் இருக்கலாம். "அந்த நாள் வரும்வரை காத்திருக்க நினைக்கிறீர்களா, அல்லது நீங்களாகவே உயிரை முடித்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணமும் வருகிறதா? எப்படி என்று யோசித்திருக்கிறீர்களா?" என்று அமைதியாகத் தொடருங்கள். திட்டமும் வழியும் கைவசம் இருந்தால், அது அவசரநிலை. அவரைத் தனியாக அனுப்பக்கூடாது.

குரல்கள் கேட்பதாகவோ, பிசாசு தொல்லைப்படுத்துவதாகவோ ஒருவர் சொன்னால், இறையியல் தீர்ப்பு வழங்க நீங்கள் அங்கே இல்லை. அந்நிய பாஷையில் பேசுவதும், தேவன் தன்னோடு பேசினார் என்று சாட்சி சொல்வதும், ஒரு சபையின் இயல்பான வழக்கமாக இருக்கும்போது நோயின் அறிகுறிகள் அல்ல. அவர் தூங்குகிறாரா, வேலைக்குப் போகிறாரா, அந்த அனுபவம் அவருக்குச் சமாதானத்தைத் தருகிறதா திகிலைத் தருகிறதா, குரல் தீங்கு செய்யக் கட்டளையிடுகிறதா, அவருடைய சபையாருக்கே அது விசித்திரமாகப் படுகிறதா என்று பாருங்கள். ஐயம் இருந்தால் மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள். குடும்பத்தினர் விடுதலை ஜெபத்துக்கு அழைத்துப் போக விரும்பினால், மருந்து நிற்கக்கூடாது, அடிப்பதோ கட்டுவதோ பட்டினி போடுவதோ கூடாது என்பதில் மட்டும் இம்மியும் இறங்கிவராதீர்கள்.

மாத்திரை எடுப்பது அவிசுவாசம் என்று அஞ்சுபவரிடம் நீண்ட விவாதம் தேவையில்லை. லூக்காவைப் பவுல் "பிரியமான வைத்தியன்" என்றே அழைக்கிறார் என்பதை அவரே வாசித்திருப்பார், நினைவூட்டினால் போதும்.

ஐந்தாம் படி: ஜெபத்தையும் வசனத்தையும் கையாளும் முறை

அமர்வின் நடுவே ஒருவர், "எனக்காக இப்போது ஜெபியுங்கள்" என்று கேட்டால், உடனே கண்களை மூடிவிடாதீர்கள். எந்த இடத்தில் அந்த வேண்டுகோள் வந்தது என்று கவனியுங்கள். தந்தையின் மரணத்தைப் பற்றிப் பேச்சு நெருங்கும் ஒவ்வொரு முறையும் ஜெபம் கேட்கப்படுகிறது என்றால், ஜெபம் அந்தத் துக்கத்தை மூடும் போர்வையாகிவிட்டது. "இப்போது ஜெபித்தால் எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று விரும்புகிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள்; அந்தப் பதிலிலேயே அன்றைய அமர்வின் உள்ளடக்கம் இருக்கும். ஜெபிப்பது என்று முடிவானால், அவரே ஜெபிக்க நீங்கள் உடன் அமர்ந்திருப்பது நல்லது. நீங்கள் ஜெபித்தால் சுருக்கமாக, அவர் பயன்படுத்திய சொற்களிலேயே ஜெபியுங்கள். முகத்துக்கு நேரே சொல்லத் தயங்கிய அறிவுரையை ஜெபத்தின் வழியாகச் சொல்லாதீர்கள். சுகமாகிவிடும் என்று தேவன் பெயரில் வாக்குறுதியும் கொடுக்காதீர்கள்.

வசனத்துக்கும் இதே நெறிதான். "நீங்கள் ஒன்றுக்குங் கவலைப்படாமல்" என்ற பிலிப்பியர் வசனத்தைப் பதற்ற நோயாளியிடம் நீட்டினால், ஏற்கெனவே நடுங்குபவருக்குக் கீழ்ப்படியாமை என்ற குற்றச்சாட்டும் சேர்ந்துகொள்ளும். அவர் மனதில் ஏற்கெனவே இருக்கும் வசனத்திலிருந்து தொடங்குங்கள். "விசுவாசம் இருந்தால் துக்கம் வராது" என்ற எண்ணம் அவரை வதைத்தால், எண்ணங்களையும் நடத்தையையும் ஆராய்ந்து மாற்ற உதவும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் எந்த எண்ணத்தையும் சான்றுகளோடு சோதிப்பது போலவே இதையும் சோதிக்கலாம். அவர் மதிக்கும் சான்று வேதாகமம். கெத்செமனேயில் இயேசு "என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது" என்றார்; அது அவிசுவாசமா என்று அவரிடமே கேளுங்கள். 13-ஆம் சங்கீதம் "எதுவரைக்கும்" என்று கேட்டுக்கொண்டே தொடங்குகிறது. 88-ஆம் சங்கீதமோ இருளிலேயே முடிகிறது. ஆறுதலான கடைசி வரி அதற்குச் சேர்க்கப்படவில்லை. தன் சொந்தப் புலம்பல் சங்கீதத்தை எழுதிவரச் சொல்வது, துக்கத்தில் இருக்கும் விசுவாசிகளுக்கு நான் பரிந்துரைக்க விரும்பும் முதல் வீட்டுப்பாடம்.

இப்படி விசுவாசத்தோடு இணைந்த சிகிச்சை பலனளிக்கிறதா? ரெபெக்கா ப்ராப்ஸ்டும் உடனிருந்தவர்களும் 1992-இல் வெளியிட்ட ஆய்வில், மனச்சோர்வுள்ள கிறிஸ்தவர்களுக்கு அது நல்ல பலன் தந்தது. விசுவாசிகள் அல்லாத ஆலோசகர்கள் அதை நடத்தியபோதும் பலன் குறையவில்லை. நாள்பட்ட உடல்நோயும் மனச்சோர்வும் சேர்ந்திருந்த 132 பேரிடம் நடத்தி, ஹாரல்ட் கோனிக் குழுவினர் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், மதம் சார்ந்த அறிவாற்றல் சிகிச்சையும் வழக்கமான சிகிச்சையும் ஏறக்குறைய சமமாகவே உதவின. ஆகவே வசனம் சேர்த்தால்தான் குணம் என்றும் சொல்ல வேண்டாம், சேர்த்தால் தரம் கெட்டுவிடும் என்றும் அஞ்ச வேண்டாம். ஆலோசகரின் பக்தியைவிட, நோயாளியின் விசுவாசத்தை அவர் எவ்வளவு நுட்பமாகப் புரிந்துகொண்டார் என்பதே பெரிது.

ஆறாம் படி: பக்தியின் உடையில் வரும் எண்ணச் சுழற்சியை அடையாளம் காணுங்கள்

புதியவர்கள் மிகவும் தடுமாறும் இடம் இது. ஓர் இளைஞர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பரிசுத்த ஆவிக்கு விரோதமான தூஷணம் மன்னிக்கப்படாது என்ற வசனத்தை வாசித்த நாளிலிருந்து, தான் அந்தப் பாவத்தைச் செய்துவிட்டதாக அஞ்சுகிறார். ஜெபத்தில் தகாத சொல் மனதில் எழுந்துவிட்டால் முதலிலிருந்து தொடங்குகிறார். ஒரு ஜெபம் முடிய ஒரு மணி நேரம் ஆகிறது. போதகரிடம் கேட்டார், "நீ அதைச் செய்யவில்லை தம்பி" என்று அவர் சொன்னதும் அன்று மாலைவரை நிம்மதி. இரவில் மீண்டும் சந்தேகம்: "நான் சொன்னதைப் போதகர் சரியாகப் புரிந்துகொண்டாரா?" இப்போது அதே கேள்வியோடு உங்கள் முன் அமர்ந்திருக்கிறார்.

நீங்களும் ஆறுதல் சொல்வீர்கள்; அதுதான் இயல்பு. ஆனால் இது ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோயின் ஒரு வடிவம். இதில் ஆறுதல் தேடுவதே கைகழுவுவதைப் போன்ற கட்டாயச் செயலாகிவிடுகிறது. ஒவ்வொரு உறுதிமொழியும் அந்த நேரத்துக்குத் தணித்து, சந்தேகத்தை நீண்ட காலத்துக்கு வளர்க்கிறது. புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் இளந்துறவியாக இருந்தபோது மணிக்கணக்கில் பாவ அறிக்கை செய்து, தன் ஆன்மிக வழிகாட்டியான ஸ்டவ்பிட்சைக் களைப்படையச் செய்தது வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. இயேசு சபைத் துறவற அமைப்பை நிறுவிய லயோலா இஞ்ஞாசியாரும் இத்தகைய மனச்சாட்சி வாதையை அனுபவித்தவரே.

இதற்குப் பலன் தரும் சிகிச்சை, அச்சத்தை எதிர்கொண்டு சடங்கைத் தவிர்க்கும் பயிற்சி. அந்த இளைஞர் ஒரே முறை ஜெபித்து, தகாத எண்ணம் வந்தாலும் திரும்பத் தொடங்காமல், "ஆமென்" சொல்லி எழுந்து, உள்ளே எழும் பதற்றம் தானாகத் தணியும்வரை பொறுத்திருக்கப் பழக வேண்டும். அவர் உண்மையிலேயே பாவம் என்று கருதும் எதையும் செய்யச் சொல்லக்கூடாது. தூஷணம் சொல்ல வைப்பது சிகிச்சை அல்ல, அவமதிப்பு. எல்லை எது என்பதை, அவர் சம்மதித்தால், அவருடைய போதகரையும் சேர்த்துக்கொண்டு ஒருமுறை தீர்மானியுங்கள். அதன்பின் போதகரும், குடும்பத்தாரும், நீங்களும் ஒரே பதிலைச் சொல்லுங்கள்: "இது உன் நோய் கேட்கும் கேள்வி, இதற்கு இன்று பதில் சொல்ல மாட்டோம், உன்னோடு இருப்போம்." தீவிரமான நிலையில் இந்தச் சிகிச்சையில் பயிற்சி பெற்றவரிடமும் மனநல மருத்துவரிடமும் அனுப்புங்கள்; மருந்தும் உதவும்.

ஏழாம் படி: மன்னிப்பைப் பற்றி அவசரப்படாதீர்கள்

வன்முறைக்கு ஆளானவரிடம் "மன்னித்துவிடுங்கள்" என்று ஏற்கெனவே பலர் சொல்லியிருப்பார்கள். நீங்கள் முதலில் கேட்க வேண்டியது, இன்று இரவு அவர் பாதுகாப்பாக இருக்கிறாரா என்பது. மன்னிப்பு ஒருவருடைய உள்ளத்தில் நிகழலாம்; ஒப்புரவுக்கு இருவர் வேண்டும், அதிலும் தவறிழைத்தவரின் மனந்திரும்புதல் செயலில் தெரிய வேண்டும். மன்னித்த பிறகும் விலகி வாழலாம், காவல்துறையிடம் புகார் கொடுக்கலாம். தாயைக் கொலையில் பறிகொடுத்த கிறிஸ்தவ உளவியலாளர் எவரெட் வொர்திங்டன் வகுத்த மன்னிப்பு முறையும், காயத்தை மறைக்காமல் நினைவுகூர்வதையே முதல் கட்டமாக வைத்திருக்கிறது. நபர் தானாகக் கேட்கும்போது, ஆபத்து நீங்கிய பிறகு, அந்தப் பாதையில் உடன் நடங்கள்.

எட்டாம் படி: சபையோடு இணைந்து பணியாற்றுங்கள், ஆனால் எழுத்துபூர்வமான அனுமதியோடு

போதகர் அனுப்பி வைத்தார் என்பதற்காக அவருக்கு அறிக்கை கொடுக்கும் கடமை உங்களுக்கு இல்லை. "அவன் வருகிறானா?" என்ற அன்பான விசாரிப்புக்குக்கூட, அனுமதி இல்லாமல் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லக்கூடாது. என்ன பகிரலாம், யாரிடம், எதுவரை என்று ஆலோசனை பெறுபவர் கையொப்பமிட்ட பிறகே பேசுங்கள். ஜெபக் குறிப்பு என்ற பெயரில் ஒருவருடைய நோய் சபை முழுவதும் பரவுவதை நாம் அறிவோம். பெயரைச் சொல்லாமல் விவரத்தைச் சொன்னாலும், சிறிய சபையில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். உங்கள் தனி ஜெபத்தில் அவரை நினையுங்கள். குழு ஜெபத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். அதே சமயம், தனிமையில் வாடுபவருக்கு வாரந்தோறும் வந்து பார்க்கும் ஒரு விசுவாசக் குடும்பம் நம்மால் தர முடியாததைத் தரும். அனுமதியோடு அந்த உறவுகளை ஊக்குவியுங்கள்.

ஒன்பதாம் படி: வேறு நம்பிக்கையினர் வரும்போதும், உங்கள் மனம் தடுமாறும்போதும்

பிற மதத்தவரும், மத நம்பிக்கை இல்லாதவரும், சபையால் காயப்பட்டு விலகியவரும் உங்களிடம் வருவார்கள். அவர்களை மனம் மாற்றும் வாய்ப்பாக அமர்வைக் கருதுவது, பலவீனமான நேரத்தில் இருப்பவர் மீது அதிகாரத்தைப் பயன்படுத்துவதாகும். அமெரிக்க ஆலோசனைச் சங்கத்தின் 2014-ஆம் ஆண்டு நெறிமுறை, ஆலோசகர் தம் விழுமியங்களைத் திணிக்கக்கூடாது என்றும், விழுமிய வேறுபாட்டை மட்டும் காரணம் காட்டி ஒருவரை வேறிடத்துக்கு அனுப்பக்கூடாது என்றும் வலியுறுத்துகிறது. நீங்கள் வாழும் இடத்தின் நெறிமுறையை வாங்கி முழுதாக வாசியுங்கள். கிறிஸ்து சந்தித்தவர்களிடம் அவர் எத்தனை கேள்விகள் கேட்டார் என்று சுவிசேஷங்களை ஒருமுறை அந்தக் கண்ணோடு வாசிப்பதும் நல்ல பயிற்சி.

ஒருவர் விசுவாசத்தை விட்டுவிடப்போவதாகச் சொல்லும்போது உங்கள் வயிறு கலங்கினால், அந்தக் கலக்கத்தை அவரிடம் இறக்காமல் மேற்பார்வைக்குக் கொண்டுசெல்லுங்கள். உங்கள் மேற்பார்வையாளர் விசுவாசியாக இருப்பது கட்டாயம் அல்ல. ஆன்மிகம் தொடர்பானவற்றைக் கேட்க மறுக்காதவராக இருந்தால் போதும். ஜெபம், வசனம், சபைத் தொடர்பு ஆகியவை இடம்பெற்ற ஒவ்வொரு அமர்வுக்குப் பிறகும் குறிப்பேட்டில் மூன்று செய்திகளை எழுதுங்கள்: யார் கேட்டது, எந்த நோக்கத்துக்காக, பிறகு அவரிடம் என்ன மாற்றம் தெரிந்தது. "யார் கேட்டது" என்ற இடத்தில் உங்கள் பெயரே அடிக்கடி வருவதாகக் கண்டால், அடுத்த மேற்பார்வைச் சந்திப்பில் முதலில் பேச வேண்டியது அதைப் பற்றித்தான்.